அச்சப்பத்தும் சங்கரநயினார் கோயிற் புற்றும்

திருவாசகத்தின் 51 பகுதிகளுள் 35-ஆவதாக நிற்பது அச்சப்பத்து. தில்லையில் அருளிச்செய்யப்பட்டதென்பது மரபு. ஆனந்தமுறுத்தல் என முன்னோர் இதன் கருத்தை வகுத்தனர். பத்துத் திருப்பாட்டிலும் மணிவாசகப் பெருமான் முதற்கண் தாம் அஞ்சாதன இரண்டிரண்டு எடுத்தோதி, ஈற்றடியில் தாம் அஞ்சுவது இன்னதென வெளியிட்டு முடிக்கின்றார். இப்பதிகத்தை எடுத்து விரிப்போர் பெரும்பாலும் முன்னதையே பாராட்டிப் பின்னதை நழுவ விடுவர். பாம்புக்கு அஞ்சாமை, பிணிக்கு அஞ்சாமை, கூற்றுவனுக்கு அஞ்சாமை என்று வரிசைப்படுத்திக் கூறக் கேட்டோர், இஃது அஞ்சாமை கற்பிக்கும் பதிகமென்றே கொண்டு எழுந்து போகின்றனர். பெயர் வைத்த முன்னோர் இதனை அச்சப்பத்து என்றனரேயன்றி அஞ்சாமைப்பத்து என்றாரல்லர். அவர் பெயர் வைத்தது ஈற்றடியை நோக்கி என்பது சிறிது எண்ணினார்க்குப் புலனாகும்.

அடிகள் அஞ்சாதனவற்றுள் முதலிடம் பெற்றது புற்றினுள் உறையும் பாம்பு. புலியும் களிறும் எட்டாம் பாட்டிலும், கூற்றுவன் பத்தாம் பாட்டிலும் வர, பாம்பு மட்டும் முதற்பாட்டின் முதலிலேயே, அதுவும் புற்றோடு சேர்த்து, வைக்கப்பட்டது ஏன் என்பது வினாவத்தக்கது. இதற்கு விடை காண்பார்க்குப் பாண்டிநாட்டுச் சங்கரநயினார் கோயில் பெரிதும் துணை செய்யும். இத்தலம் தேவாரப் பாடல் பெற்றதன்று. அச்சப்பத்தினும் இதன் பெயர் வரவில்லை. ஆயினும், புற்றையும் பாம்பையும் அச்சத்தையும் இறைவனையும் ஓரிடத்தே வைத்துக் கண்ட தமிழ்மக்களின் உள்ளம் எத்தகையது என்பதை இங்கே போல வேறிடத்துக் காண்டல் அரிது.

சங்கரன்கோயில் என இன்று வழங்கும் இவ்வூர் நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாயிருந்து, 2019-ஆம் ஆண்டு தென்காசி மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அதனுள் அடங்கியது. சங்கரலிங்கப் பெருமான், சங்கரநாராயணர், கோமதியம்மை என மூவர் சந்நிதிகள் இங்குண்டு. தென்பாண்டி நாட்டு ஐம்பூதத் தலங்களுள் இது மண்தலமாக எண்ணப்படும். புற்றுமண்ணே பிரசாதம். நாகசுனையில் நீராடி, புற்றுமண்ணைக் கரைத்து உண்டும் உடலிற் பூசியும், வெள்ளியாற் செய்த பாம்பு தேள் உருவங்களை உண்டியலில் இட்டும் வழிபடுவோர் நாடோறும் வருவர். அம்மை சந்நிதி முன்றிலில் உள்ள சக்கரப் பீடத்தில் மனம் கலங்கினோரை இருத்தி வேண்டுதலும் வழக்கம். அஃதாவது, புறத்தே கடிக்கும் பாம்புக்கு அஞ்சுவோரும், அகத்தே இன்னதென்று பெயர் சொல்லவியலாத ஒன்றுக்கு அஞ்சுவோரும் ஒரு வாயிலிலேயே புகுகின்றனர்.

இங்ஙனம் அஞ்சி வருவோரைக் கற்றார் சிலர் இகழ்வதுண்டு. திருவள்ளுவர் கீழ்மக்களுக்கு ஒழுக்கம் அச்சத்தால் வருவதென்றாரன்றோ, அவ்வினத்தார் இவர் என்பர். அது தக்கதன்று. அந்நாயனாரே 428-ஆம் குறளில் அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை அறிஞர் தொழிலாக வைத்தார். அச்சம் இழிவன்று, அஃது எதன்மேற் செல்கின்றது என்பதே ஆராயற்பாலது.

இனி, புற்றையும் பாம்பையும் குறிப்புப் பொருளாகக் கொண்டு உரைப்பார் கூற்றை நோக்குவாம். இவருள் ஒருசாரார் யோகநூல் வழியினர். புற்று உடம்பு, அதனுள் சுருண்டுறையும் பாம்பு குண்டலினி, சங்கன் பதுமன் என்னும் நாகர் இருவர் இடைகலை பிங்கலை, அவை கூடுமிடம் சுழுமுனை, அங்கே தோன்றுவது சங்கரநாராயணர் வடிவு என இவர் அடுக்குவர். கேட்க இனிதாயிருக்கின்றது. ஆனால் இவ்வுரையை அச்சப்பத்தின் முதற்பாட்டில் ஏற்றினால் பொருள் தலைகீழாகின்றது. குண்டலினி எழுப்பப்பட வேண்டுவது, விரும்பித் தேடப்படுவது. அதற்கு அஞ்சேன் என்று ஒருவர் சூளுரைக்க வேண்டுவதென்னை? குறிப்புப் பொருள் வெளிப்பொருளின் மேல் நின்று எழவேண்டும். வெளிப்பொருளைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமர்வது குறிப்பாகாது.

மற்றொரு சாரார், கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தாற்போல என்னும் பழமொழியைப் பற்றிக்கொண்டு, வினையாகிய கறையான் உடம்பாகிய புற்றை ஆக்க, ஆணவமாகிய பாம்பு வந்து புகுந்தது என்பர். இது முன்னதினும் நன்று, அச்சத்திற்கு இடமளிக்கின்றது. எனினும் சித்தாந்தத்தோடு வைத்துப் பார்க்குங்கால் ஒரு காலால் நொண்டுகின்றது. ஆணவம் இடையே வந்து புகுந்ததன்று. செம்பிற் களிம்பும் நெல்லில் உமியும் போல உயிரோடு அநாதியே உள்ளது. புற்று எழுந்தபின் பாம்பு வந்தது. இங்கோ பாம்பு முன்னும் உண்டு, புற்று பின்னே வந்தது. உவமை எல்லாப் பகுதியினும் ஒத்திருக்க வேண்டுமென்னும் நியதியில்லை என்று விடை கூறலாம். ஆனால் ஒவ்வாத பகுதி நூலின் உயிர்நிலையாயின் அவ்வுவமையைக் கைவிடுதலே முறை.

மூன்றாவது சாரார் கூற்றே இந்நாளிற் பெருவழக்காய்ப் பரவியது. பாம்பென்று ஒன்று இல்லை. பழுதையைப் பாம்பென மருண்டோம். விளக்கேற்றிப் பார்த்தால் பாம்பும் இல்லை, அச்சமும் இல்லை என்பது அது. ஏகான்மவாதியரின் பழைய எடுத்துக்காட்டே இது. இதனோடு பிராய்டு, யூங் முதலிய மேலைநாட்டு மனநூலார் பாம்பை உள்ளத்தின் ஆழத்திலுள்ள ஒன்றன் அடையாளமாகக் கொண்டதையும் கூட்டி, வேதாகமங்களில் வரும் பாம்பெல்லாம் மனத்தின் தோற்றமே, அறிந்தவுடன் அகலும் என்று எளிதில் முடித்துவிடுவர்.

கரிசற் காட்டில் இரவில் நீர்பாய்ச்சச் செல்லும் உழவனிடம் இதனைச் சொல்லிப் பார்க்கலாம். 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவிற் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், ஆண்டொன்றுக்கு 58,000 பேர் அளவில், என 2020-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடி நஞ்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையிற் சேர்த்தது. இறந்தவர் எவரும் பழுதையால் இறந்தாரல்லர். புற்றுமண் பூசுவோரும் கடிபட்டவுடன் நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்பதில் ஐயமில்லை. பிரசாதம் மருந்தை விலக்குவதன்று. பாம்பு உண்மைப் பாம்பாக இருக்கும்போதுதான் அதற்கு அஞ்சேன் என்னும் சொல்லுக்கு மதிப்பு உண்டாகின்றது. இல்லாத பொருளுக்கு அஞ்சாமை எவர்க்கும் எளிது.

நாயன்மார் நெறியும் இதுவே. திங்களூரில் அப்பூதியடிகளின் மைந்தன் அரவு தீண்டி இறந்தபோது நாவுக்கரசர், தீண்டிய அரவு பொய் என்றாரில்லை. மகன் உடலைக் கொணர்வித்துப் பதிகம் பாடினார். திருமருகலில் வணிகன் பாம்பு தீண்டி மாய, உடன்வந்த பெண் அழுத அழுகைக்குச் சம்பந்தப் பிள்ளையார் செவிசாய்த்துப் பாடினார். அவ்விரு பதிகங்களிலும் தத்துவ உரை நிகழவில்லை. நஞ்சு நஞ்சாகவே நின்று, அருள் அதனை மேலிட்டது.

சித்தாந்த நூல்கள் இதற்குத் தரும் எடுத்துக்காட்டு பழுதைப் பாம்பின் நேர்மறுதலையானது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் ஒன்பதாஞ் சூத்திரத்தில், மலநீக்கத்தை விளக்கக் கருட தியானத்தை எடுத்தாண்டார். நஞ்சு தலைக்கேறியவன்முன் நிற்கும் மாந்திரிகன் பாம்பு இல்லையென்று கூறுவானல்லன். கருட மந்திரத்தை உன்னி, தன்னை அக்கருடனின் வேறாகாதவனாகப் பாவித்து நோக்குகின்றான், நஞ்சு இறங்குகின்றது. மாந்திரிகன் பறவையாகி விடவுமில்லை. நஞ்சு முன்பே இல்லாதிருந்ததும் இல்லை. அங்ஙனமே உயிர் சிவோகம் பாவனையில் நிற்க, மலம் சத்தி மடங்குகின்றது. பாசம் உள்பொருள்; நித்தியம்; அஃது அழிவதன்று, அடங்குவது. இவ்வொரு கருத்தை விட்டுவிட்டால் அச்சப்பத்தின் ஈற்றடி ஒருவாற்றானும் பொருள்படாது. அச்சமும் அழிக்கப்படாமல் அடக்கி இடம் மாற்றப்படுகின்றது என்பதே அப்பதிகத்தின் கோட்பாடு.

இதனைப் பதிகத்தின் அமைப்பிலேயே காணலாம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு கூறினார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவராகிய அரசர். பேராசிரியர் உரையுள் பாம்பும் இடியும் விலங்கோடு சேராமல் அணங்கின்பாற் படுகின்றன. தமிழர்க்குப் பாம்பு வெறும் ஊர்வனவன்று. அடிகள் இந்நான்கையும் ஒன்றும் விடாது எடுத்துக்கொள்கின்றார். பாம்பும் உருமும் கூற்றும் அணங்கு, களிறும் புலியும் விலங்கு, வேலும் அம்பும் கள்வர் பாற்படுவன, அரசரும் உளர். இவற்றோடு நில்லாமல் தொல்காப்பியர் கூறாத வேறு சிலவும் சேர்க்கின்றார். வேட்கை, வினைக்கடல், மகளிர் நோக்கமும் மொழியும் முறுவலும், பிணி, பிறப்பு இறப்பு, நீங்காப் பழி என்பன அவை. முன்னவை புறத்தினின்று வருவன; பின்னவை உள்ளத்தில் முளைப்பன. இலக்கணம் வகுத்த அச்சக்களன் நான்கும் அடிகளிடத்தே அகமுகமாகத் திரும்பிவிட்டன.

திரும்பும் இடம் முதற்பாட்டிலேயே உள்ளது. புற்றிலுள்ள பாம்பை அடுத்து அவர் அஞ்சாதது பொய்யரிடத்துள்ள மெய். மெய் என்பது வாய்மைக்கும் உடம்புக்கும் பொதுச்சொல். மண்ணென்று தோன்றும் புற்று பாம்பை மறைக்கின்றது. மெய்யென்று தோன்றுவது பொய்யை மறைக்கின்றது. இரண்டும் உள்ளொன்று புறமொன்றானவை. இவ்விணையே குறிப்புப் பொருளுக்கு அடிகள் தாமே இட்ட கால்கோள். யோகநாடிகளைப் பிறிதோரிடத்தினின்று கொணர்ந்து ஏற்றவேண்டாதபடி, பாம்பின் அருகில் நிற்கும் சொல்லே பாம்பின் உட்பொருளைக் காட்டுகின்றது. இதுபோன்றதே ஒன்பதாம் பாட்டில் அரசரைக் கூறும் இடமும். அரசர் சினத்தை அவர் எடுத்தோதவில்லை. அரசரோடு கொள்ளும் உறவை ஓதினார். பாண்டியன் அமைச்சராயிருந்து, குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொருளைத் திருப்பெருந்துறையிற் செலவிட்டு, அவன் நட்பையும் ஒறுப்பையும் ஒருங்கு கண்டவர்க்கன்றி இச்சொல் வாராது. பகையிற் பாம்பு வெளியே கிடக்கின்றது. உறவில் அது புற்றுக்குள் இருக்கின்றது.

இனி ஈற்றடி. முதலில் வரும் அஞ்சேன் என்பதெல்லாம் தன்மை ஒருமை. ஈற்றடியில் மட்டும் நாம் என உளப்பாட்டுப் பன்மை தோன்றுகின்றது. அதற்கு முன் அம்ம என்னும் இடைச்சொல் நிற்கின்றது. தொல்காப்பியர் அவ்விடைச்சொல்லைக் கேட்பித்தற் பொருளதாக ஓதினார். பாம்புக்கும் கூற்றுக்கும் அஞ்சாமை அடிகள் தம் தனித்த நிலை. அஞ்சவேண்டுவதைக் கூறுமிடத்து அடியார் கூட்டத்தை விளித்து, கேண்மின் என்று தம்மோடு சேர்த்துக்கொள்கின்றார். கேட்போர் இப்பதிகத்தில் நுழையும் வாயில் இதுவே. முற்பகுதியைத் தமதாக்கிக்கொண்டு முழங்குவோர் தமக்கு வழங்கப்படாததை எடுத்துக்கொண்டு, வழங்கப்பட்டதை விட்டுச் செல்கின்றனர்.

அடிகள் யாரைக் கண்டால் அஞ்சுகின்றார்? பிற தெய்வம் உண்டென நினைந்து பெருமானைக் கல்லாதவர், அன்பு இல்லாதவர், கண்ணீர் மல்கி உள்ளம் நெகிழாதவர், திருநீறு அணியாதவர், ஆளாகாதவர், அறிவு இல்லாதவர் எனத் தொடர்கின்றது. இது பிறசமயத்தாரை இழித்த பாடல் என்று முகஞ்சுளிப்போரும் உளர். அதுவே இதன் பெருமை என்று மகிழ்வோரும் உளர். இருவரும் ஓரிடத்தேதான் இடறுகின்றனர். இகழ்ச்சிக்குரியவனைக் கண்டால் ஒருவன் நகுவான், அல்லது சினப்பான், அஞ்சமாட்டான். அடிகள் அஞ்சுகின்றார். அன்பிலாதவன் அவரை என் செய்துவிடுவான்? பிணியும் சாவும் செய்யவியலாத ஒன்றை அவன் செய்யவல்லன்: தன்னைப்போல ஆக்குவான்.

மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் சீவன்முத்தர்க்கு விதித்தது இங்கே நினைவுகூரத்தக்கது. மலத்தைக் கழுவி, அன்பரோடு கூடி, அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுக என்றார். அன்பரோடு கூடுக என்றதற்கு அவர் காட்டும் ஏது, அல்லாதார் அஞ்ஞானத்தை உணர்த்துவர் என்பது. மலம் நீங்கியவனும் இவ்வொன்றற்கு அஞ்சவேண்டும். அடங்கிய நஞ்சு தீய கூட்டத்தால் மீளத் தலையெடுக்கும். நூற்சூத்திரம் வறட்சியாய்க் கூறியதையே, அதற்கு முன்னரே அடிகள் நடுக்கத்தோடு பாடிவைத்தார். சைவர் பலர் பன்னிரண்டாஞ் சூத்திரத்தை மனப்பாடமாக ஓதுவர். அதற்குத் திருவாசகத்தில் இலக்கியம் எது என்று வினாவினால் விழிப்பர்.

முதற்பாட்டில் பிற தெய்வம் என்ற இடமே சங்கரநயினார் கோயிலில் நின்று படிப்பார்க்கு இடர் விளைப்பது. சங்கன் சிவபெருமானையும் பதுமன் திருமாலையும் பரமென்று வாதிட்டனர். அவ்வழக்கை அம்மைமுன் வைத்தனர். அம்மை புன்னைவனத்தில் தவமிருக்க, ஆடி உத்திராடத்தில் இறைவன் ஒருபாதி திருமாலாய்க் காட்சியளித்தான் என்பது தலவரலாறு. இவ்வடிவின் முன் அச்சப்பத்தின் முதற்பாட்டை எவ்வாறு ஓதுவது? திருவையாற்றில் நாவுக்கரசர் இதனை முன்பே தீர்த்துவைத்தார். அரியே ஐயாறப்பர்க்குத் தேவி, வேறு தேவியில்லை என்றருளினார். திருமால் சிவசத்தியாயின் பிறிதொரு தெய்வம் உண்டென்னும் பேச்சுக்கே இடமில்லை. நாகர் இருவரின் பிழை வேற்றுமை கண்டதில் மட்டும் இல்லை. தன் தெய்வம் தாழ்ந்து போய்விடுமோ என்னும் அச்சம் ஒவ்வொருவர் உள்ளத்தும் இருந்தது. வாதம் அவ்வச்சத்தின் படமெடுப்பு. சமயவாதங்களிற் பெரும்பாலன இன்றும் இவ்வாறே எழுகின்றன. சைவ ஏடுகளில் நிகழ்வனவும் இதற்கு விலக்கல்ல.

அஞ்சாமையும் அச்சமும் ஒருவரிடத்தே உடன் நிற்றற்குச் சான்று வேண்டுவார் நாவுக்கரசர் வரலாற்றை நோக்குக. பல்லவன் ஏவிய களிறு எதிரே வர, அஞ்சத்தக்கது ஒன்றுமில்லையெனக் கெடிலக்கரைப் பெருமானைப் பாடி நின்றவர் அவர். அவரே திருமறைக்காட்டில், பாண்டிநாடு செல்லப் புறப்பட்ட பிள்ளையாரை நோக்கி, கோளும் நாளும் தீயவாயுள்ளன என்று அஞ்சித் தடுத்தார். தமக்கு அஞ்சாதவர் பிள்ளைக்கு அஞ்சினார். பிள்ளையார் இராகு கேது என்னும் பாம்பிரண்டையும் உட்படுத்திக் கோளறு பதிகம் பாடிய பின்னரே போகவிட்டார். இவ்வச்சம் அன்பின் வேறன்று; நாவுக்கரசரைக் கோழையென்பார் எவருமிலர்.

ஒன்பதாம் பாட்டில் அடிகள் இன்னும் ஒருபடி செல்கின்றார். ஏனைய ஒன்பதிலும் இன்மை கூறப்பட்டது. அன்பின்மை, அறிவின்மை போல்வன. இங்கே மட்டும், நெற்றியில் நீறு இட அஞ்சுவாரைக் கண்டால் அஞ்சுகின்றார். அச்சத்திற்கே அஞ்சுதல் இது. ஊரார் என் சொல்வரோ, அரசர் என் நினைப்பரோ என்று நெற்றியைத் துடைத்துக்கொள்ளும் அச்சம், அரசர் உறவைக் கூறிய அதே பாட்டில் வைக்கப்பட்டது தற்செயலன்று. நஞ்சை அமுதாக்கிய பெருமானும் அப்பாட்டிலேயே வருகின்றான். நஞ்சு, அதனை உண்டவன், அவன் ஆண்டுகொண்ட பின்னும் அஞ்சுவோன் என மூன்றும் நான்கடிக்குள் நிற்கின்றன.

சங்கரநயினார் கோயிற் கதையில் நாகர் வாதத்தையே எல்லாரும் எடுத்துரைப்பர். புற்று வெட்டிய காவலன் செய்தியைக் கூறுவார் குறைவு. புன்னைவனத்தைக் காத்தவன் காப்பறையன். அவன் ஒருநாள் வனத்தில் வளர்ந்திருந்த புற்றை வெட்டினான். வெட்டிய இடத்தே பாம்பும் தோன்றியது, சிவலிங்கமும் தோன்றியது. அவன் ஓடிச்சென்று உக்கிரபாண்டியனுக்கு அறிவிக்க, பாண்டியன் வந்து கண்டு கோயில் எடுத்தான் என்பர். பாம்பிருந்த புற்று வேறு, இறைவனிருந்த புற்று வேறு அன்று. நாவுக்கரசர் முதலாயினார் பெற்ற காட்சி இவ்வெளியோனுக்கு மண்வெட்டி முனையில் வாய்த்தது. அவன் அப்போது நடுங்கியிருப்பான். அந்நடுக்கத்தில் எத்துணைப் பங்கு பாம்பைக் கண்டதனால், எத்துணைப் பங்கு பெருமானைக் கண்டதனால் என்று பிரித்துக் கூற அவனாலும் இயன்றிராது. புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு நிற்கும் அடியார்க்கு அச்சப்பத்தை ஓதிக்காட்டும் ஓதுவார், முதலடியை உரத்துப் பாடி ஈற்றடியைத் தணித்துப் பாடும் இன்றைய வழக்கை மாற்றி, பத்துமுறையும் அம்ம என்னுமிடத்தே சிறிது நின்று பாடுவரேல், பதிகம் பெயருக்கேற்ப விளங்கும்.